மாருதி ஸ்விஃப்ட் காருக்கு அலாய் ரிம்: 15 இன்ச்சா, 16 இன்ச்சா? அதுக்கு எந்த டயர்?

வேளச்சேரி_விக்கி
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர் (அகலம் 165 மி.மீ., சைடுவால்ங்கற பக்கச் சுவரோட உயரம் அதுல 80 சதவீதம், ரிம் 14 இன்ச்). டயர் மேல இருக்கற பட்டன் (வெட்டுக் கட்டை) தேய்ஞ்சு கடைசிக் கோட்டுக்கு வந்தாச்சு. டயர் மாத்தும்போதே அலாய்க்கும் போயிடலாம்னு நினைக்கிறேன். ஒரு கடையில 16 இன்ச், 7ஜே (7 இன்ச்) அகலம், ஈ.டி. 38 (சக்கரம் எவ்வளவு உள்ளே-வெளியே நிக்கும்ங்கற நம்பர்) ரிம் எடுத்துக் காட்டி, "205/55 ஆர்16 போடுங்க சார், வண்டி கும்முனு நிக்கும்"னு சொன்னாங்க. தினசரி ஓட்டம் சென்னை ஓ.எம்.ஆர். மாசம் ஒரு தடவை திருநெல்வேலி. அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான். பிராண்டுன்னு எடுத்தா அப்பாவுக்கு எம்.ஆர்.எஃப். தவிர வேற எதுவும் டயரே இல்ல, ஆபீஸ்ல எல்லாரும் மிஷெலின்ங்கிறாங்க. என்ன செய்யலாம்?

மழைத்தண்ணி
முதல்ல கணக்கு. உங்க இப்போதைய டயரோட மொத்த விட்டம் 619.6 மி.மீ. கடைக்காரர் சொன்ன 205/55 ஆர்16 போட்டா 631.9. ரெண்டு சதவீதம் பெருசு. மாருதியே இதே ஸ்விஃப்ட்டோட டாப் மாடலுக்குக் கொடுத்தது 185/65 ஆர்15, விட்டம் 621.5. வித்தியாசம் ரெண்டு மி.மீ. கூட இல்ல. கம்பெனி இன்ஜினியர் சஸ்பென்ஷனோட வச்சு ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சைஸ் கண் முன்னாடி இருக்கும்போது, கடைக்காரர் வாய்ச் சொல்லை எதுக்குக் கேக்கணும்? 15 இன்ச் போடுங்க, முடிஞ்சது.

நாலுவழிச்சாலை
205/55 வேண்டாம்ங்கிறது வரை ஒத்துக்கறேன். அதுக்காக 16 இன்ச்சே கூடாதுன்னா எப்படி? 195/55 ஆர்16 போட்டா விட்டம் 620.9. உங்க கணக்குப்படியே பழைய டயருக்கு 15 இன்ச்சைவிட இதுதான் நெருக்கம்! ஸ்பீடோமீட்டர், கியர், ஏ.பி.எஸ். எதுக்கும் தொந்தரவு இல்ல. திண்டிவனம் தாண்டி வேகம் எடுக்கும்போது 80 சீரிஸ் டயர் பக்கவாட்டுல ஆடறது ஸ்டீயரிங்லயே தெரியும். லாரியை ஓவர்டேக் பண்ணிட்டு லேனுக்குத் திரும்பறப்போ வண்டி ஒரு நொடி தாமதமா வர்ற அந்த உணர்வு 55 சீரிஸ்ல கிடையாது. காசு போட்டு அலாய் வாங்கறவர் கம்பெனி கொடுத்ததையே திரும்ப வாங்கணும்னா இரும்பு ரிம்முக்கே பெயின்ட் அடிச்சுட்டுப் போகலாமே.

மழைத்தண்ணி
விட்டம் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா? சைடுவால் உயரத்தைப் பாருங்க. 165/80-ல 132 மி.மீ. 185/65-ல 120. உங்க 195/55-ல 107. ரப்பரும் காத்தும் இருந்த இடத்துல 25 மி.மீ. உலோகம் வந்து உக்காருது. ஓ.எம்.ஆர்.ல மெட்ரோ வேலைக்குத் தோண்டின ரோட்டுல, மழைக்கப்புறம் தண்ணி நிக்கற குழி எவ்வளவு ஆழம்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு பேர் ஏறின வண்டி அதுல இறங்கினா அடி நேரா ரிம் விளிம்புக்குத்தான். டயர்ல பல்ஜ் (வீக்கம்) வரும், அலாய் கோணும் இல்லேன்னா கீறல் விடும். இரும்பு ரிம்மைத் தட்டி நிமித்திடலாம். கீறல் விட்ட அலாய்க்கு வெல்டிங் வச்சு ஓட்டறவங்க இருக்காங்க. அவங்க பின்னாடி நான் வண்டி ஓட்ட மாட்டேன்.

ரேஸ்_தம்பி
அண்ணே, 16 பழைய கதை. 205/45 ஆர்17 போடுங்க, விட்டம் 616, சரியா வரும். கோயம்புத்தூர்ல பாதி ஸ்விஃப்ட் இப்படித்தான் ஓடுது, செம லுக்கு.

டயர்கடை_மாரி
தம்பி, டயர் மேல அந்த சைஸுக்கு அடுத்து ஒரு நம்பர் இருக்கும், அதைப் படிச்சிருக்கீங்களா? அதான் லோடு இண்டெக்ஸ். விக்கி சாரோட 165/80-ல 85 போட்டிருக்கும், ஒரு டயருக்கு 515 கிலோ. 185/65 ஆர்15 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16 87, 545 கிலோ. இதெல்லாம் பழசுக்கு மேலதான், கவலை இல்ல. நீங்க சொல்ற 205/45 ஆர்17 சாதா வகையில 84, 500 கிலோதான். கம்பெனி கொடுத்ததைவிடக் கம்மி. எக்ஸ்.எல்.னு கெட்டிப் பண்ணினது 88-ல வருது, ஆனா அந்தச் சுமையைத் தாங்க காத்தும் கூட வைக்கணும், சவாரி கட்டை வண்டி மாதிரி ஆயிடும். திருநெல்வேலிக்குக் குடும்பத்தோட போறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

நான் இந்தத் தொழில்ல இருக்கறவன், அதனால ஒண்ணு சொல்றேன். எல்லாரும் இன்ச்சைப் பத்தியே பேசறீங்க, ரிம்மைப் பத்தி யாரும் பேசல. அகலம்: 185/65 ஆர்15-க்கு 5-லேர்ந்து 6.5ஜே வரைதான். 195/55 ஆர்16-க்கு 7ஜே உச்சவரம்பு. பி.சி.டி. 4x100 (100 மி.மீ. வட்டத்துல 4 நட்டு ஓட்டை) பாத்தாச்சுன்னு விட்டுடாதீங்க, நடு ஓட்டையையும் பாருங்க. ஸ்விஃப்ட் ஹப் (அந்த ஓட்டையில உக்கார்ற அச்சு முனை) 54.1 மி.மீ. வெளி அலாய்ல பல வண்டிக்கும் பொருந்தணும்னு ஓட்டையைப் பெருசா விட்டிருப்பாங்க. இடைவெளிக்கு ஹப் ரிங் போடலேன்னா சக்கரம் நட்டுல மட்டும் தொங்கும், 80-90 கி.மீ. வேகத்துல ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை பண்ணினாலும் போகாது, பழி டயர் மேல விழும்.

வேளச்சேரி_விக்கி
மாரி அண்ணே, ரொம்ப நன்றி. அந்த ஈ.டி. 38 எப்படி?

டயர்கடை_மாரி
பழைய ரிம்மோட உள்பக்கம் ஈ.டி. நம்பர் பொறிச்சிருக்கும், அழுக்கைத் துடைச்சுப் பாருங்க. நம்பர் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். 50-லேர்ந்து 38-க்கு வந்தா 12 மி.மீ. வெளியே. ரிம்மும் அகலமானா இன்னும் கூட. காலியா நிக்கறப்போ அழகா இருக்கும். ஆள் ஏறி, வேகத்தடையில பின்பக்கம் அமுங்கறப்போ மட்கார்டு விளிம்புல உரசும். வீல் பேரிங் ஆயுசும் குறையும்.

நாலுவழிச்சாலை
அதுக்குத்தான் சரியான ஈ.டி.யில 6ஜே, 6.5ஜே ரிம் கேட்டு வாங்கணும். கடைக்காரர் கையில இருக்கறதைத் தள்ளி விடறது 16 இன்ச்சோட குத்தம் இல்ல. இன்னொண்ணு, 195/55 ஆர்16-ல கிடைக்கறது பெரும்பாலும் வி ரேட்டிங் (எவ்வளவு வேகம் தாங்கும்ங்கற குறியீடு), நல்ல கம்பெனிங்க தங்களோட உயர்ந்த வரிசையை இந்த சைஸ்லதான் விடறாங்க. ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கறப்போ காப்பாத்தறது அந்த ரப்பர் கலவைதான்.

மழைத்தண்ணி
ஈர ரோடுன்னு நீங்களே எடுத்துட்டீங்க. தேங்கின தண்ணியில அகலமான டயர் மிதக்க ஆரம்பிக்கும், குறுகின டயர் தண்ணியை வெட்டிட்டுப் போகும். வண்டி அதே எடை, நீங்க அதை இன்னும் அகலமா விரிக்கிறீங்க. நவம்பர்ல ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டுல போறவருக்கு இது சின்ன விஷயம் இல்ல.

நாலுவழிச்சாலை
185-க்கும் 195-க்கும் 10 மி.மீ. சார். பட்டன் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழ போனப்புறமும் மாத்தாம ஓட்டறவங்கதான் மிதக்கறாங்க. சட்டம் 1.6 வரை விடுதுங்கறதுக்காக மழைக்காலத்துல அதுவரை ஓட்டணுமா?

மழைத்தண்ணி
அந்த 3 மி.மீ. நல்ல பேச்சு. மத்தபடி நான் சொன்னது அப்படியே நிக்குது.

வேளச்சேரி_விக்கி
சரி, பிராண்டுக்கு வாங்க. அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?

டயர்கடை_மாரி
அப்பா சொல்றது அவர் காலத்து ரோட்டுக்கும் சுமைக்கும் சரிதான். எம்.ஆர்.எஃப். உழைக்கும். ஆனா கெட்டியா இருந்து நிறைய கிலோமீட்டர் ஓடற ரப்பர் வேற, ஈரத்துல பிடிச்சு நிக்கற ரப்பர் வேற. ரெண்டும் ஒரே விலையில முழுசாக் கிடைக்காது. என் கருத்து: சத்தமில்லாத சவாரி, மழைப் பிடிமானம் வேணும்னா மிஷெலின் ப்ரைமசி 4 எஸ்.டி., கான்டினென்டல் யூ.சி.6. நடுவாந்தர விலைக்கு யோகோஹாமா எர்த்-1, அப்பல்லோ ஆல்நாக் 4ஜி. உள்ளூர் டயர்னு யாராவது முகம் சுளிச்சா கண்டுக்காதீங்க. ஒரகடத்துல அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், திருவொற்றியூர்ல எம்.ஆர்.எஃப்.; பாதி நாட்டுக்கு நம்ம ஊரைச் சுத்தித்தான் டயர் வேகுது.

2020 ஜூன்ல இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலேர்ந்து சில வெளிநாட்டு டயர் விட்டு விட்டுத்தான் கிடைக்குது. அதனால எந்த பிராண்டா இருந்தாலும் டயர் பக்கவாட்டுல இருக்கற டி.ஓ.டி. (தயாரிப்பு) குறியீட்டோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2324-ன்னா 2024-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. நாலும் கிட்டத்தட்ட ஒரே தேதியில கேளுங்க. பில்லையும் பாருங்க: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவீதம் ஆயிருச்சு. பழைய ஸ்டாக்குன்னு பழைய விலை சொன்னா அடுத்த கடைக்குப் போங்க.

ரேஸ்_தம்பி
ஸ்டெப்னி பத்தி யாரும் பேசல. அதையும் அலாய்ல வாங்கணுமா?

மழைத்தண்ணி
இதுதான் நல்ல கேள்வி தம்பி. 185/65 ஆர்15, 195/55 ஆர்16 ரெண்டுக்குமே பழைய 165/80 ஸ்டெப்னி விட்டத்துல ஒத்துப் போகும், பஞ்சர் கடை வரை மெதுவா ஓட்டிட்டுப் போகலாம். ஆனா அலாய்க்குத் தனி நட்டு கொடுப்பாங்க. பழைய இரும்பு ரிம் நட்டை டிக்கியில போட்டு வைங்க. ராத்திரி விழுப்புரத்துல நின்னு, நட்டு உக்காரலையேன்னு தேடக் கூடாது.

வேளச்சேரி_விக்கி
முடிவு: 15 இன்ச், 6ஜே, பழைய ரிம்முக்கு நெருக்கமான ஈ.டி.யோட, 185/65. டயர் யோகோஹாமாவா மிஷெலினான்னு விலை கேட்டுட்டுச் சொல்றேன். நாலுவழிச்சாலை சார் கோச்சுக்காதீங்க.

நாலுவழிச்சாலை
கோபமெல்லாம் இல்ல, ஆனா ஒத்துக்கவும் இல்ல. மாசாமாசம் நெல்லை போறவருக்கு 16 தான்னு இன்னமும் சொல்வேன்.

டயர்கடை_மாரி
அலாயை இன்சூரன்ஸ்ல ஆக்சசரின்னு சேர்க்கச் சொல்லுங்க, இல்லேன்னா திருட்டுப் போனா கிளெய்ம் வராது. போட்டு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்சுல (அளவா இறுக்கற ஸ்பானர்) நட்டை ஒரு தடவை மறுபடி பாத்துடணும்.