மறு: பழைய 50 மி.மீ. வில்லைகளின் ‘கேரக்டர்’ – ‘வரைபாங்கு’ எனலாமா?

வணக்கம் ஐயா,

பழைய 50 மி.மீ. வில்லைகள் (லென்சுகள்) ஒவ்வொன்றும் படத்துக்குத் தரும் தனித் தோற்றத்தை ‘கேரக்டர்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடும் இழையில் நீங்களும் மற்றவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

> தம்பி, நீங்கள் சொல்லும் ‘கேரக்டர்’ வேறொன்றுமில்லை, பிறழ்ச்சிதான். கோளப் பிறழ்ச்சி, நிறப்பிறழ்ச்சி என்று இயற்பியலில் சொற்கள் இருக்க, புதிதாக ஒன்று எதற்கு?

பிறழ்ச்சி, அதாவது வில்லை ஒளியைச் சரியாக ஓரிடத்தில் குவிக்காத குறை, பாடநூலுக்குச் சரி. ஆனால் எந்தப் பிறழ்ச்சியைத் திருத்துவது, எதை எவ்வளவு விட்டுவைப்பது என்று வில்லையை வடிவமைத்தவர் ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவு படத்தில் எப்படித் தெரிகிறது என்பதைத்தான் பழைய 50 மி.மீ.களை விரும்புகிறவர்கள் தேடுகிறார்கள். அதற்கு நம்மிடம் பெயர் இல்லை.

ஸொன்னார் என்ற ஜெர்மன் வில்லையை எடுத்துக்கொள்வோம். 1932இல் வந்த காண்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்டெலே வடிவமைத்த குடும்பம் அது. எஃப்/1.5 வில்லையில் (எஃப் எண் ஒளி புகும் துளையைக் குறிக்கும்; எண் சிறிதானால் துளை பெரிது) கண்ணாடிகள் 7. அவற்றை மூன்றே தொகுதிகளாக ஒட்டிவிட்டார். காரணம் உண்டு. அப்போது வில்லைகளுக்கு மேற்பூச்சு கிடையாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் குறைந்தது 4 விழுக்காடு ஒளி தெறித்துத் திரும்பும். தெறித்த ஒளி குழலுக்குள்ளேயே அலைந்து, படத்தில் கறுப்பாக இருக்கவேண்டியதைச் சாம்பலாக்கும். ஸொன்னாரில் அத்தகைய பரப்புகள் 6. அதே காலத்து லைக்காவின் சும்மார் எஃப்/2இல் 8. இரண்டுதானே கூடுதல் என்று தோன்றும். பூச்சில்லாத இரு வில்லைகளிலும் வெயிலுக்கு எதிராக ஒரே காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஸொன்னாரின் நிழல்கள் அழுத்தமாக நிற்பது தெரியும்.

இதற்கு அவர் கொடுத்த விலை, கொஞ்சம் கோளப் பிறழ்ச்சி. துளையை முழுதாகத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில், சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் முகத்தை எடுங்கள். இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரியும். ஆனால் நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்தில் மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படர்ந்திருக்கும். காதுக்குப் போவதற்குள் கோடுகள் கரைந்துவிடும். துளையை எஃப்/4க்குக் குறுக்கினால் படலம் மறைந்து, எல்லாம் கறாராகிவிடும். வேறு வில்லையால் எடுத்தது என்றே பார்ப்பவர் நினைப்பார். அப்புறம், துளையைக் குறுக்கும்போது குவியமும் சற்றுப் பின்னால் போகும்.

காண்டாக்ஸ், லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இவற்றில் எதையும் காட்டாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் வில்லை வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கும் சாளரம் தனி, வில்லை தனி. நடுவில் இரண்டு பிம்பங்கள் ஒன்று சேர்ந்தனவா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும். எல்மார் வில்லையை மாட்டினாலும் ஜூபிட்டர் வில்லையை மாட்டினாலும் சாளரத்தில் ஒரே காட்சிதான். ஃபிலிம் போட்டு எடுத்தால், அதைக் கழுவும் வரை வில்லை என்ன செய்தது என்று தெரியாது. ஆகவே வில்லை எப்படி வரையும் என்பது எடுப்பவர் மனத்தில் இருக்கவேண்டும். ஒரே 50ஐ வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்களை எனக்குப் புரிகிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1950இல் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தாரே, அவரும் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ.யைத்தான் பயன்படுத்தினார்.

> ‘வில்லைக் குணம்’ என்று எளிதாக வைத்துவிடலாமே?

குணம், தன்மை இரண்டும் அகலமான சொற்கள். வில்லையின் எடையும் தன்மைதான், குவியத் தொலைவும் தன்மைதான். ‘பாணி’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஒரே ராகத்தை இருவர் பாடும்போது பாணி என்கிறோம். அது ஆளுக்கு உரியது, படமெடுப்பவருக்கே இருக்கட்டும். ‘சாயல்’ அழகான சொல், ஆனால் அதற்கு இந்த இழையிலேயே வேறு வேலை இருக்கிறது. போருக்குப் பின் சோவியத் ஆலைகள் செய்த ஜூபிட்டர்-3, ஜூபிட்டர்-8 இரண்டும் ஸொன்னார் வடிவத்தைப் பின்பற்றியவை. ஜப்பானின் நிக்கார் 50 எஃப்/1.4உம் அதே வழியில் வந்தது. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் தம் லைக்காவில் நிக்கார் வில்லைகளை மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தப் பெயர் மேற்கில் பரவியது. இவற்றையெல்லாம் ‘ஸொன்னார் சாயல்’ என்று சொல்ல அந்தச் சொல் வேண்டும்.

நான் முன்வைப்பது வரைபாங்கு, அதாவது வில்லை படத்தை வரையும் பாங்கு. வரைபடம், வரைகோல் போல இதுவும் வினைத்தொகை. ஆகவே ஒற்று மிகாது. ‘வரைப்பாங்கு’ என்று எழுதவேண்டாம். ‘வரை’ என்றால் மலை, எல்லை என்றும் பொருள் உண்டே என்பீர்கள். வரைகலை என்று எழுதும்போது யாருக்கும் மலை நினைவுக்கு வருவதில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “1953இல் வந்த லைக்கா சும்மிக்ரானின் வரைபாங்கு இறுக்கமானது.” “துளையைக் குறுக்கினால் ஸொன்னாரின் வரைபாங்கு மாறிவிடும்.” நாக்கில் தடங்கவில்லை.

> பழைய வில்லைக்குள் படியும் மங்கலும் இதில் அடங்குமா?

அடங்காது, இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சும்மாரின் முன்கண்ணாடி மிருதுவானது. துடைத்துத் துடைத்தே நுண்கீறல் விழுந்தவை ஏராளம். பல பழைய வில்லைகளுக்குள் மசகெண்ணெய் ஆவியாகிப் புகைபோலப் படிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தரும் வெளிறலை ‘பழமையின் ஒளிர்வு’ என்று விற்பவர்கள் எழுதுகிறார்கள், வாங்குபவர்களும் நம்பிவிடுகிறார்கள். வில்லையின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சுத்தம் செய்தால் போய்விடுவதற்கு ‘மங்கல்’ போதும், கீறலுக்குக் கீறல் என்றே பெயர். பெர்டெலே யோசித்துச் செய்ததையும் யாரோ சட்டைத் துணியால் துடைத்ததையும் ஒரே சொல்லில் அடைக்கக்கூடாது.

‘ஸ்டாண்டர்ட் லென்ஸ்’ என்பதற்கு இயல்பு வில்லை போதும் என நினைக்கிறேன். 24×36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ.; 50 அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் லென்சு, இலங்கையில் வில்லை என்பதால் நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் போடுவோம். துளை மாறும்போது குவியம் நகர்வதற்கு ‘குவியப் பெயர்ச்சி’ என்று குறித்திருக்கிறேன், இடப்பெயர்ச்சியோடு ஒத்துப்போகும். குழுமத்தில் உள்ள இயற்பியல் ஆசிரியர்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்