ஏவிஃப் படம் திறக்காமல் டவுன்லோட் ஆகுது: ரீலோட் போதுமா, முகவரியை மாத்தணுமா?

செக்காலை_ரோடு:
ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒண்ணோட கேட்டலாக் தளம். சின்னப் படங்கள் ஜேபெக். அமுக்கினா பெரிய ஏவிஃப் (ஜேபெக் மாதிரி, புதுசா வந்த பட வகை) படம் அதே டேபில் திறக்கணும். ஆனா ஃபைலா இறங்குது. சர்வர் மென்பொருள் பழைய என்ஜின்எக்ஸ். எந்த ஃபைல் என்ன வகைன்னு சொல்ற அதன் மைம்.டைப்ஸ் பட்டியலில் ஏவிஃப் வரி இல்லாததால், 'வகை தெரியாத ஃபைல்'ங்கிற அர்த்தத்தில் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று போயிருக்கு. வரி சேர்த்தாச்சு, சர்வர் பதிலோட ஹெட்டரை (தலைப்பு வரிகளை) காட்டுற கர்ல் -ஐ கட்டளை போட்டா 'இமேஜ்/ஏவிஃப்' வருது. ஆனா ஏற்கெனவே அமுக்கிப் பார்த்தவங்களுக்கு இன்னும் இறங்குது. எக்ஸ்பயர்ஸ், அதாவது பிரவுசர் தன் கேஷில் (சேமிப்பில்) வச்சுக்கிற காலம், 30 நாள்.

பள்ளத்தூரான்:
சர்வர் சரியாயிருச்சுல்ல. வாடிக்கையாளரை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் (கேஷை விட்டுட்டு ரீலோட்) அடிக்கச் சொல்லுங்க, முடிஞ்சது.

கொத்தமங்கலம்_வெப்:
அண்ணே, அது எந்தப் பக்கத்தை ரீலோட் பண்ணும்? லிங்க் டவுன்லோடா மாறினா டேப் நகராது, கேட்டலாக்கிலேயே நிக்கும். நீங்க அடிக்கிற ரீலோட் கேட்டலாக்கையும் அதிலுள்ள ஜேபெக்கையும்தான் புதுசா எடுக்கும். பெரிய படம் அந்தப் பக்கத்தில் இல்லையே, வெறும் லிங்க்தானே. மறுபடி அமுக்கினா பழைய ஹெட்டரோட கேஷிலிருந்தே வரும். போன்ல அந்த கீயும் கிடையாது.

பள்ளத்தூரான்:
அப்போ பிரவுசரோட டெவ்டூல்ஸில் (சோதனைக் கருவிகளில்) 'டிசேபிள் கேஷ்'?

கொத்தமங்கலம்_வெப்:
டெவ்டூல்ஸ் திறந்திருக்கிற வரைக்கும், அந்த டேபுக்கு மட்டும். சோதிக்கிற நமக்குச் சரி. தரைக்குக் கல்லு பார்க்க வந்தவர்கிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா?

பள்ளத்தூரான்:
எக்ஸ்பயர்ஸைக் குறைச்சு விட்டா பிரவுசர் தானா சர்வரைக் கேட்டுக்கும். முகவரியை மாத்தி, வாட்ஸ்அப்பில் சுத்துற லிங்க்கை எல்லாம் கெடுக்க வேணாம்.

கொத்தமங்கலம்_வெப்:
ஏற்கெனவே சேமிச்சவங்ககிட்ட மேக்ஸ்-ஏஜ்=2592000 (அந்த 30 நாள், நொடிக் கணக்கில்) உட்கார்ந்திருக்கு. அது தீருற வரைக்கும் கேள்வியே வராது. தீர்ந்த பிறகும் சிக்கல் இருக்கு: என்ஜின்எக்ஸ் ஈடேக்கை (ஃபைல் மாறிச்சான்னு பார்க்கிற அடையாளம்) ஃபைலோட நேரம், அளவு இரண்டையும் வச்சுத்தான் போடும். மைம் மாறினா ஈடேக் மாறாது. பிரவுசர் கேட்டா 304, அதாவது 'மாறலை' என்ற பதில், போகும். அந்த 304-இல் கன்டென்ட்-டைப் (ஃபைல் வகையைச் சொல்ற வரி) இருக்காது. அதனால பழைய ஆக்டெட்-ஸ்ட்ரீமே நீடிக்கும். கர்ல் ஏன் சரியாக் காட்டுதுன்னா, அது ஈடேக் அனுப்பாம புதுசாக் கேக்குது. அதே கர்லுக்கு இஃப்-நன்-மேட்ச் ஹெட்டரில் ஈடேக்கைக் கொடுத்துப் பாருங்க, 304தான் வரும்.

பள்ளத்தூரான்:
ஃபைல்களை டச் கட்டளையால தொட்டா நேரம் மாறும், ஈடேக்கும் மாறும், 200, அதாவது முழுப் பதில், வரும்.

கொத்தமங்கலம்_வெப்:
கேக்குறவங்களுக்கு வரும், அது நல்ல யோசனைதான். 30 நாளுக்குக் கேக்கவே போறதில்லையே, அவங்களுக்கு? கேட்டலாக் லிங்க்கின் கடைசியில் ?வி=2 சேருங்க, பிரவுசர் அதைப் புது முகவரியா எடுத்துக்கும். ஃபைல் அதே இடத்தில் இருக்கும். வாட்ஸ்அப் லிங்க்கும் உடையாது. ஆனா கேட்டலாக் ஹெச்டிஎம்எல்லுக்கு 'நோ-கேஷ்' (ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுட்டுத்தான் காட்டணும்) கட்டாயம். அதுவும் 30 நாள் கேஷில் இருந்தா, புது லிங்க் ஏற்கெனவே வந்தவங்க கண்ணில் படாது.

கானாடுகாத்தான்_மேடை:
குறுக்கே வர்றேன். ஐஓஎஸ் 15 வரைக்கும் சஃபாரிக்கு ஏவிஃப் தெரியாது, 16-இல்தான் வந்துச்சு. பழைய ஐபோனில் டைப் சரியா இருந்தாலும் படம் வராது. நேரா .ஏவிஃப்புக்கு லிங்க் கொடுக்கிறதே தப்பு. பிக்சர் டேகில் (பிரவுசர் தனக்குத் தெரிஞ்ச பட வகையைத் தேர்ந்துக்கிற ஹெச்டிஎம்எல் குறி) ஏவிஃப் சோர்ஸ், கீழே ஜேபெக் வச்சுத் தனிப் பக்கமாத் திறங்க. அப்போ ரீலோடும் அந்தப் படத்துக்கே வேலை செய்யும்.

பள்ளத்தூரான்:
ஒவ்வொரு டிசைனுக்கும் தனிப் பக்கமா? பட்டறைக்காரர் அதுக்குக் காசு கொடுக்கணுமே. ஏவிஃப்பை எடுத்துட்டு 1600 பிக்சல் ஜேபெக் போடுங்க. பூ வேலைப்பாட்டில் கோடு மங்கியிருந்தா அதிலேயே தெரியும். புது ஃபைல், புது முகவரி, பழைய கேஷ் பேச்சே இல்லை.

செக்காலை_ரோடு:
இப்போதைக்கு ?வி=2-உம் ஹெச்டிஎம்எல்லுக்கு நோ-கேஷும் போடுறேன். எக்ஸ்பயர்ஸை 1 நாளாக்கிட்டேன். ஜேபெக் அளவு எவ்வளவு ஏறுதுன்னு பார்த்துட்டு, அடுத்த செட் படம் ஏத்தும்போது முடிவு பண்ணிக்கலாம்.