‘சரம்’ போதுமா? தொடக்க வகுப்புக் கையேட்டுக்கு ஒரு சொல்

கொழும்பு 06இலிருந்து:
வணக்கம். சாதாரண தர மாணவருக்கான, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் தொடக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மாறி, எண், மெய்/பொய் மதிப்பான பூலியன் மூன்றிலும் சிக்கலில்லை. மேற்கோள்குறிக்குள் எழுதும் ‘ஸ்ட்ரிங்’குக்குத்தான் சொல் முடிவாகவில்லை. ‘சரம்’ என்று போடலாமா? மாணவர் அதிகம் பிழைவிடும் இடம் இது. வெள்ளவத்தையின் தபால் குறியீடு 00600. அதை மேற்கோளில்லாமல் எழுதினால், எட்டை அடியாகக் கொண்ட பழைய எண்முறையாக வாசிக்கப்பட்டு 384 ஆகிவிடும். மொழியின் கண்டிப்பு முறையில் (‘ஸ்ட்ரிக்ட் மோட்’) நிரல் ஓடவே ஓடாது. இலக்கமாக இருப்பதெல்லாம் எண் அல்ல என்பது சொல்லைக் கேட்டதுமே விளங்கவேண்டும்.

கொழும்பு 13இலிருந்து:
‘சரம்’ வேண்டாம். சகரம் அகரத்தோடு சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. அம்பைக் குறிக்கும் சரமோ வடசொல். ‘எழுத்துக்கோவை’ என்போம். கோ என்ற வினையடி நம்முடையது. நானூறு பாடல்களைக் கோத்ததால்தான் திருக்கோவையாருக்கு அந்தப் பெயர். கோத்த பொருளுக்கு வரிசை உண்டு, இடம் உண்டு. 0இலிருந்து எண்ணிக்கொண்டு போகலாம்.

கொழும்பு 04இலிருந்து:
ஐயா, பன்னிரண்டு உயிரோடும் சகரம் மொழிமுதலாகும் என்று நன்னூல் இடம் தந்துவிட்டது. சட்டியையும் சருகையும் என்ன செய்வது? பூச்சரமும் மணிச்சரமும் எல்லாருக்கும் தெரியும். அம்பு இங்கே குறுக்கே வராது. ‘எழுத்து’ என்ற பகுதிதான் ஆபத்து. ‘கொழும்பு’க்கு எழுத்து எத்தனை என்றால் பிள்ளைகள் நாலு என்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 8 என்று வரும். க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ஒகரக் குறி கொம்பும் காலுமாகப் பிரிந்து பதிந்திருந்தால் 9. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொய் என்று விடை வரும். முதலில் ‘நார்மலைஸ்’ செய்து இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடவேண்டும்.

கொழும்பு 13இலிருந்து:
நாலு மட்டுமே இலக்கணக் கணக்கல்ல. ஒலியாகப் பிரித்தால் க், ஒ, ழ், உ, ம், ப், உ என்று ஏழு. கடைசி உகரம் மென்தொடர்க் குற்றியலுகரம், அரை மாத்திரை. அதைத் தனியே சார்பெழுத்தில் வைத்தார்கள். கணினி எண்ணுவது வேறு என்பதற்காக எழுத்து என்ற சொல்லைக் கைவிடலாமா? அந்த வேறுபாட்டை வகுப்பில் சொல்லித்தரத்தானே வேண்டும்?

கொழும்பு 06இலிருந்து:
முதல் வகுப்பில் அதற்கு நேரமில்லை. பயனரிடம் கேட்டு வாங்கும் விடை சரமாகவே வரும். "5" + 3 என்றால் "53", "5" - 3 என்றால் 2. கூட்டல் குறி, ஒரு பக்கம் சரம் இருந்தாலே ஒட்டிவிடும்; கழித்தலுக்கு அப்படி ஒரு வேலை இல்லாததால் சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டுமுன் நாமே எண்ணாக மாற்றவேண்டும் என்பதைத்தான் முதலில் படிப்பிக்கிறோம். உங்கள் வினை இங்கே நன்றாகப் பொருந்துகிறது: பெயர் சரம், ஒட்டுவது ‘கோத்தல்’. "சரங்களைக் கோக்கும்போது" என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

கொழும்பு 04இலிருந்து:
எனக்குச் சம்மதம். உள்ளே ஒன்றுமில்லாத மேற்கோள் ‘வெற்றுச்சரம்’.

கொழும்பு 13இலிருந்து:
கோத்தலுக்கு நன்றி, சரத்துக்கு என் மறுப்பு நிற்கிறது. ‘வெற்று’ அங்கே போய்விட்டால், மதிப்பு எதுவும் இல்லை என்று குறிக்கும் ‘நல்’லுக்கு (null) என்ன சொல்? வெற்றுச்சரம் சர வகை, நீளம் 0. நல் சரமே அல்ல. அதன் வகையைக் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்ற வேறொரு வகையை மொழி பிழையாகச் சொல்லும், பழைய நிரல்கள் உடையும் என்று அதை இன்றுவரை திருத்தவில்லை. ‘இன்மை’ என்று வைக்கலாம்.

கொழும்பு 04இலிருந்து:
வள்ளுவரிடம் இன்மை வறுமையல்லவா?

கொழும்பு 06இலிருந்து:
வெள்ளிக்கிழமைப் பதிப்பில் சரம், கோத்தல், வெற்றுச்சரம் மூன்றும் போகின்றன. நல் இப்போதைக்கு ‘நல்’ என்றே நிற்கட்டும்.

கொழும்பு 13இலிருந்து:
அடுத்த பதிப்பிலாவது எழுத்துக்கோவையை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.