சுவருக்குள் பதித்த ஃப்ளஷ் டேங்கில் நிற்காத கசிவு: ஆலோசனை தேவை

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் மாடிக் கழிவறையில், சுவருக்குள் பதித்த ஃப்ளஷ் டேங்கிலிருந்து பத்து நாட்களாகக் கோப்பைக்குள் தண்ணீர் மெல்லிய இழையாக வழிந்துகொண்டே இருக்கிறது.

பொத்தான் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும், தொட்டிக்குத் தண்ணீர் விடும் சிறு வால்வை அடைத்துவிட்டு, தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கோப்பையில் நீலம் இறங்கியதோடு, நீர்மட்டமும், மிகுதி நீர் கோப்பைக்குள் இறங்கும் வழிகுழாயின் விளிம்புக்கு வெகு கீழே போய்விட்டது. ஆகவே, தொட்டி நிரம்பியதும் நீர்வரத்தை நிறுத்தும் மிதவை வால்வை நான் சந்தேகிக்கவில்லை. தகடு இல்லாதபோதும் கசிவதால், பொத்தானின் தண்டுகள் அழுத்திக்கொண்டிருப்பதும் காரணமல்ல. அடியிலுள்ள ஃப்ளஷ் வால்வின் ரப்பர் வாஷர்தான் சரியாக உட்காரவில்லை என்று கருதுகிறேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்போது, வாஷர் மட்டும் தப்பியிருக்குமா?

பார்க்க வந்த பிளம்பர் சுவரை உடைக்க வேண்டும் என்கிறார். தகட்டின் திறப்பு வழியாகவே உள்பாகங்களை எடுக்கும்படிதான் இவ்வகைத் தொட்டிகள் அமைக்கப்படுகின்றன என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நிற டைல்ஸுக்கு எங்கே போவது என்பது வேறு கவலை.

அந்த ஃப்ளஷ் வால்வை எந்தப் பக்கம் திருகி விடுவிப்பது, வாஷரை வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா என்பதை இதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.