வேர்ல்ட் பில்டிங்குக்கு என் பரிந்துரை: உலகுபுனைதல்

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கதை நடக்கும் கற்பனை உலகை அதன் நிலம், வழக்கங்கள், நம்பிக்கைகளோடு அமைக்கும் வேலையை ஆங்கிலத்தில் 'வேர்ல்ட் பில்டிங்' என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்கு இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: உலகக் கட்டமைப்பு, உலக உருவாக்கம், கற்பனையுலகு, திணையாக்கம். நான்கையும் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அதற்குமுன் இந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்க வேண்டும் என்பதில் நாம் ஒத்துப்போக வேண்டும். அண்மையில் பார்த்த அறிவியல் புனைவுகளையும் மிகுபுனைவுகளையும் (ஃபேன்டசி) வைத்தே பேசுகிறேன். என் மனம் இப்போது அவற்றில்தான் கிடக்கிறது.

தமிழில் வரும் பட விமர்சனங்கள் பலவற்றில் இந்தக் கருத்து 'பிரம்மாண்டம்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதுதான் எனக்குக் கவலை. பிரம்மாண்டம் அளவைச் சொல்லும் சொல். கோட்டை எவ்வளவு உயரம், படை எவ்வளவு பெரிது, செலவு எத்தனை கோடி என்பதோடு அது நின்றுவிடும். அந்தக் கோட்டைக்குள் வாழ்பவன் காலையில் என்ன சாப்பிடுகிறான், எதைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வரும், செத்தால் அவனை என்ன செய்வார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. நமக்கு வேண்டியது இந்தக் கேள்விகளுக்கு இடம் தரும் சொல்.

2021இல் வந்த 'ட்யூன்' திரைப்படத்தின் முதல் பாகத்தில் ஒரு காட்சி. பாலைவனக் கோளின் பழங்குடிகளான ஃப்ரெமன்களின் தலைவன் ஸ்டில்கர், அங்கு ஆட்சிக்கு வந்திருக்கும் டியூக் லெட்டோவின் அவைக்கு வந்து மேசையின் மீது துப்புகிறான். டியூக்கின் ஆட்கள் பாய்கிறார்கள். டியூக்கின் படைவீரனான டங்கன் ஐடஹோ அவர்களைத் தடுத்து, உடலின் ஈரத்தைக் கொடையாகத் தந்ததற்கு ஸ்டில்கருக்கு நன்றி சொல்லித் தானும் துப்புகிறான். நீரே இல்லாத கோள் என்பதை எந்தக் கதைசொல்லியின் குரலும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. எச்சில் அங்கே காணிக்கை. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே இழை இன்னும் நீள்கிறது: இறந்தவர்களின் உடலிலிருந்து நீரை வடித்தெடுக்கிறார்கள், தம் மக்களின் நீரைக் குகைக்குள் இருக்கும் புனிதக் குளத்தில் சேர்க்கிறார்கள், தாகத்தால் சாகக் கிடப்பவன்கூட அதைக் குடிக்கமாட்டான். பாலைவனம் என்றாவது பசுமையாகும் என்ற நம்பிக்கையும் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. மணலுக்கடியில் வாழும் ராட்சத மணற்புழுவின் காதில் விழாதபடி தாளம் தப்பிய நடையாக நடக்கிறார்களே, அதுவும் அந்த மண் கற்றுக்கொடுத்ததுதான். நிலம் ஒன்று, அதிலிருந்து ஆடை, நடை, மரியாதை, சாவுச் சடங்கு, நம்பிக்கை என்று எல்லாம் முளைத்துவருகின்றன.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரை 1947இல் அச்சில் வந்தது. பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படியாக இருக்கும் ஓர் உலகைச் செய்வதுதான் உழைப்பும் சிந்தனையும் வேண்டிய வேலை என்பது அதிலுள்ள முக்கியமான கருத்து. 'ட்யூன்' இரண்டாம் பாகத்தில் கீடி பிரைம் என்ற கோளில் சூரியன் கறுப்பு. இயக்குநர் டெனி வில்னெவும் ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசரும் அந்தக் கோளின் வெளிப்புறக் காட்சிகளை அகச்சிவப்புக் கேமராவால் எடுத்தார்கள். கட்டடத்துக்குள் நிறம் உண்டு. வெளியே கால் வைத்ததும் நிறமெல்லாம் வடிந்து, தோல் சுண்ணாம்பாக வெளுக்கிறது. வாணவேடிக்கைகூட வானத்தில் மை கொட்டினாற்போல் விரிகிறது. கறுப்புச் சூரியன் என்று வசனத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்களோ அந்த ஒளியில் மனிதத் தோல் எப்படித் தெரியும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த யோசனைக்குத்தான்.

இதற்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டில் வரும் முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். 'அவ்வகை பிறவும்' என்று பட்டியலைத் திறந்தும் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். அந்த மண்ணுக்கு உரிய மன ஒழுக்கம் உரிப்பொருள். இதைத் தமிழோடு தொடர்பே இல்லாத ஒரு தொடரின் மீது வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது.

'ஸ்டார் வார்ஸ்' கதையுலகில், கொடுங்கோல் பேரரசுக்கு எதிரான எழுச்சியைச் சொல்லும் 'ஆன்டோர்' தொடர் 2022லும் 2025லுமாக 24 பகுதிகளாக வந்தது. அதில் வரும் ஃபெரிக்ஸ் நகரம் பழைய விண்கலங்களை உடைத்துப் பிழைக்கும் ஊர். தொழில் அது. வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் கையுறையும் ஒரு சுவரில் தொங்குகிறது. கோபுரத்தின் உச்சியில் ஒருவர் இரண்டு சுத்தியல்களால் பட்டறைக்கல்லை அடித்து நேரம் அறிவிக்கிறார். அதுதான் அந்த ஊரின் பறை. இறந்தவரின் சாம்பலைக் கலந்து செங்கல் செய்து ஊர்ச் சுவரில் பதிக்கிறார்கள். முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் நாயகனின் வளர்ப்புத் தாய் மார்வாவின் இறுதி ஊர்வலம் கலவரமாக மாறும்போது, அவள் சாம்பலால் செய்த கல்லே பேரரசின் படைவீரன் தலையில் இறங்குகிறது. கையுறையும் பட்டறைக்கல்லும் செங்கல்லும் கருப்பொருள்கள். பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் ஒருநாள் ஊராக எழுந்து நிற்பது உரிப்பொருள். அந்தச் செங்கல் பின்புலத்தில் அழகுக்கு வைத்த பொருளாக இருந்திருந்தால், அந்த அடிக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

முதற்பொருள் சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 2017ஆம் ஆண்டுப் பருவத்தைச் சொல்வேன். முந்தைய பருவங்களில் ஒரு பயணம் என்றால் பயணம். பகுதி பகுதியாக நடந்துகொண்டே இருப்பார்கள், தொலைவே கதையை நகர்த்தும். ஏழாவது பருவத்தில், பெருஞ்சுவருக்கு அப்பால் பனி ஏரி நடுவே சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் கோட்டைக்கு ஓடி, அங்கிருந்து தூது அண்டங்காக்கை தொலைதூரத் தீவுக்குப் பறந்து, அங்கிருந்து டிராகன்கள் பறந்துவந்து அவர்களைக் காப்பாற்றிவிடுகின்றன. பார்ப்பதற்கு அந்தப் பகுதி மிகப் பெரியது. பிரம்மாண்டம் என்றால் அதுதான். பொழுதும் தொலைவும் மட்டும் அதில் இல்லை. 'பிரம்மாண்டம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குறையைத் தமிழில் சொல்லவே முடியாது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

'உலகக் கட்டமைப்பு' என்றால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் சாலை, பாலம், துறைமுகம்தான் நினைவுக்கு வரும். உள்கட்டமைப்பு, கட்டமைப்பு வசதி என்று அந்தச் சொல் அரசுத் திட்டங்களில் ஊறிவிட்டது. 'உலக உருவாக்கம்' புவி தோன்றிய வரலாற்றைப் படிப்பதுபோல் ஒலிக்கிறது. 'கற்பனையுலகு' செய்துமுடித்த பொருளைச் சொல்கிறதே தவிரச் செய்கையைச் சொல்லவில்லை.

'திணையாக்கம்' வேறு தரத்தது. அதை முன்வைத்த அம்மையாரின் விளக்கத்தைப் படித்து மகிழ்ந்தேன். மேலே நான் எழுதியதில் பாதி அவர் திறந்துவிட்ட வழிதான். ஆனாலும் கலைச்சொல்லாக அது தயங்கவைக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று இலக்கணத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே உழைக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் உயிரியல் வகைப்பாட்டிலும் 'திணை: விலங்கு' என்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல் மீது மூன்றாவது சுமையை ஏற்ற வேண்டாம். திணையை அளவுகோலாக வைத்துக்கொள்வோம், பெயராக வேண்டாம்.

என் பரிந்துரை 'உலகுபுனைதல்'. பெயர்ச்சொல்லாக 'உலகுபுனைவு'.

உலகு என்றால் முழுக் கோளும் என்று பொருள்படுமே, பெரும்பாலும் ஒரே ஒரு அலுவலகத் தளத்துக்குள் நடக்கும் 'செவரன்ஸ்' போன்ற தொடருக்கு எப்படிப் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்தத் தொடரில் லூமன் என்ற நிறுவனத்தின் ஊழியர்களின் நினைவு இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு வானமே தெரியாது. வெள்ளைத் தாழ்வாரங்கள்தான் நிலம், நிறுவனரின் மெழுகுச் சிலைதான் தெய்வம், நன்றாக வேலை செய்தால் கிடைக்கும் வாஃபிள் விருந்துதான் திருவிழா. தொல்காப்பியர் காட்டை 'காடுறை உலகம்' என்கிறார், மலையை 'மைவரை உலகம்' என்கிறார், வயலை 'தீம்புனல் உலகம்' என்கிறார், கடற்கரையை 'பெருமணல் உலகம்' என்கிறார். ஒவ்வொரு நிலமும் அதன் தெய்வத்தோடும் வாழ்வோடும் சேர்ந்து ஓர் உலகம். அந்த வழக்கின்படி லூமன் நிறுவனத்தின் அந்தத் தளமும் ஓர் உலகம்தான். திணையாக்கம் சொல்லவரும் பொருள் இப்படி 'உலகு' என்பதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது 'புனை'. புனைசுருட்டு போன்ற சொற்களால் அதில் பொய்யின் வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பொய்மை அதன் பிற்காலக் கிளைப்பொருள்தான். திருமுருகாற்றுப்படையில் 'கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பின்' என்று வருகிறது. கையால் செய்யப்படாத அழகு. அப்படியானால் புனைதல் என்பது கைத்திறத்தோடு செய்வது. மாலை புனைகிறோம், கவி புனைகிறோம். அழகும் வேலைப்பாடும் கற்பனையும் ஒரே வினைச்சொல்லில் சேர்ந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. 'கட்டுதல்', 'உருவாக்கல்' ஆகியவற்றில் அந்தச் சேர்க்கை இல்லை.

எழுத்தில் ஒரு குறிப்பு. உலகைப் புனைதல் என்பதன் தொகை இது. கதை சொன்னான், தமிழ் கற்றான் என்பதைப் போல இடையில் ஒற்று மிகாது. 'உலகுப்புனைதல்' வேண்டாம். வாக்கியத்தில்: 'இத்தொடர் உலகுபுனைவில் வலுவானது, வசனத்தில் தளர்ந்தது.' 'மூன்று பருவங்களாக அவர்கள் உலகு புனைந்த விதம்.' வினையாகவும் பெயராகவும் தடையில்லாமல் வருகிறது.

விளைபொருளுக்கு 'புனையுலகு' என்ற வினைத்தொகையைச் சிலர் விரும்பக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் எழுத்தாளரின் மொத்தப் படைப்புகளையும் 'அவரது புனைவுலகம்' என்று குறிப்பது விமர்சனத்தில் நிலைத்துவிட்டது. இரண்டும் அருகருகே வந்தால் வாசகர் தடுமாறுவார். புனைந்த உலகு என்று விரித்தே எழுதலாம், அதற்குத் தனிச்சொல் தேவையில்லை.

இதனோடு இன்னொன்றும் கிடைக்கிறது. டேவிட் பீட்டர்சன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் டோத்ராகி, வலீரியன் மொழிகளை அமைத்தவர். 'ட்யூன்' படங்களில் ஃப்ரெமன் பேசும் மொழியிலும் அவர் பங்கு உண்டு. 'ஆன்டோர்' இரண்டாம் பருவத்தில் கோர்மன் என்ற கோளின் மக்களுக்கென்றே ஒரு மொழி செய்திருக்கிறார்கள், பிரெஞ்சு ஒலியமைப்பைத் தழுவி. இவற்றைச் 'செயற்கை மொழி' என்கிறோம். செயற்கை என்றதும் உயிரற்றது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சிலந்திப் பட்டு நெய்து வாழும் அந்தக் கோர்மன் மக்கள் சதுக்கத்தில் கூடித் தங்கள் மொழியில் பாடும்போது என் உடல் சிலிர்த்தது. அதைச் செயற்கை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'புனைமொழி' என்று வைத்துக்கொள்ளலாமா? உலகுபுனைதலுக்கு ஒப்புதல் கிடைத்தால் இரண்டையும் ஒரே பதிவாகச் சொற்பட்டியலில் சேர்க்கலாம். உலகுபுனைபவரைக் குறிக்க 'உலகுபுனைவர்' என்று எழுதிப் பார்த்தேன், நாவில் சற்று இடறுகிறது. அதற்கு மட்டும் நல்ல மாற்று இருந்தால் எழுதுங்கள்.