எப்படிப் போனால் நல்லது?

கேள்வி (தஞ்சாவூர்க்காரன்):
வயது 61. நேற்று ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்த யோசனை. என் ஆசை சின்னது. ஞாயிறு மதியம், வாழையிலை, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். மோர்சாதத்தை வழித்துவிட்டு ஊஞ்சலில் சாய வேண்டும். அப்புறம் எழுந்திருக்கக் கூடாது. உங்களுக்கு?

பதில் 1:
திருமூலர் அன்றைக்கே பாடிவிட்டார் சார். அவர் பாட்டில் வருகிறவர் சமைத்ததைச் சாப்பிட்டார், மனைவியோடு கொஞ்சினார், இடப்பக்கம் லேசாக வலிக்கிறது என்று படுத்தார், அவ்வளவுதான்.

பதில் 2:
எங்கள் அப்பத்தா 94 வயதில் போனது கல்யாணச் சாவு. தப்பாட்டம், வெடி, பேரன்கள் கையில் நெய்ப்பந்தம். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் பேரன்கள் கனடாவில். வீடியோ காலில் பந்தம் பிடிப்பார்களோ?

பதில் 3:
ஊஞ்சலிலேயே போங்கள் அண்ணே. கண்தானத்துக்குக் கண்ணை மட்டும் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தச் சொல்லிவையுங்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்துவதா? சரி, மார்கழியிலேயே போகிறேன். வீட்டில் சொன்னேன். “முதலில் பிபி மாத்திரையைப் போடுங்கள், அப்பளம் அப்புறம்” என்றாள்.