டிசம்பர் லீவு: நீச்சல், சர்ஃபிங், தூண்டில் மூன்றும் ஒரே கடற்கரையில் கிடைக்குமா?

அல்சூர்வாசி:
வணக்கம். டிசம்பர் பள்ளி லீவில் பெங்களூரிலிருந்து நாலு நாள் கடலுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பெண்ணுக்கு 6 வயது, பையனுக்கு 11. இரண்டு பேரும் அபார்ட்மென்ட் குளத்தில் நன்றாக நீந்துவார்கள், கடலில் இறங்கியதே இல்லை. பையனுக்கு சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசை, மாமனாருக்குத் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும், ஆளுக்கொரு பக்கம் அலைய முடியாது. சென்னைப் பக்கம் கோவளமா, மங்களூர்ப் பக்கமா? இரண்டும் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர்தான்.

கோரமங்களா அக்கா:
மங்களூர்ப் பக்கம் போங்கள். கோவளம் நல்ல கடற்கரைதான், 2021லேயே நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) வாங்கியது, ஆனால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது, ஒரு புயல் சின்னம் வந்தால் நாலு நாளும் அறைக்குள்ளேயே போய்விடும். மேற்குக் கரையில் அப்போது கடல் அடங்கியிருக்கும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் அங்கே இறங்கக் கூடாது.

ஒரே இடம் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தைகள் குளிக்கப் படுபிதிரி. 2020இல் நீலக்கொடி கிடைத்த கடற்கரை, குளிக்கிற இடத்துக்கு எல்லை உண்டு, உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், உடை மாற்ற அறையும் உண்டு. சர்ஃபிங்குக்கு முல்கி பக்கம் சசிஹித்லு, 2016இல் இந்தியன் ஓப்பன் சர்ஃபிங் போட்டியே அங்கேதான் நடந்தது. சாம்பவி, நந்தினி ஆறுகள் கடலில் சேருகிற இடம், அங்கே சின்னவளைக் குளிக்க விடாதீர்கள். பையனுக்கு ஒரு பயிற்சியாளரைப் பிடித்துவிடுங்கள், புதிதாக வருபவர்களை இடுப்பளவுத் தண்ணீரில் மெத்தென்ற பலகையில்தான் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவே காரில் அரை மணி நேரம், இதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள்.

குளச்சல்காரன்:
அக்கா சொன்னது சரி. எங்கள் ஊரில் கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் கொஞ்ச இடம் மட்டும் அலையில்லாமல் கருத்துக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அமைதியான இடம் என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழி அது, ஆளை இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை சோர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாது, போவதற்கு முன்பே மணலில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

மாமனாரைச் சாம்பவி ஆற்றங்கரையில் விடியற்காலையில் உட்கார வையுங்கள், இரைக்கு இறால் போதும். அந்த ஊரில் காணே என்பது நம் கிழங்கான்தான், மாட்டினால் அன்றைக்கே வறுத்துவிட வேண்டும். அப்புறம், அறுந்த தூண்டில் நரம்பையும் முள்ளையும் மணலில் போட்டுவிட்டு வர வேண்டாம், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடம்.

அல்சூர்வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் முல்கியில் தங்கி, குளிக்க மட்டும் படுபிதிரி போகிறோம். மலைப்பாதையில் சின்னவளுக்கு வாந்தி வரும், அதனால் உடுப்பிக்குப் பஞ்சகங்கா ராத்திரி ரயில்தான், இன்றைக்கே டிக்கெட் பார்க்கிறேன்.